கடைசித் திருப்பத்தில் ரடரை மிதிக்கலாமா?

கேள்வி: எனக்குத் திருமங்கலம். வெளியூரில் லைட் ஸ்போர்ட் விமானம் ஓட்டப் பழகுகிறேன். இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் ரன்வே கோட்டைத் தாண்டிவிடுகிறேன். அதிகம் சாய்த்தால் பயிற்சியாளர் சத்தம் போடுகிறார். ‘சாய்க்காதே, ரடரை (வால் சுக்கானை) கொஞ்சம் மிதி’ என்கிறார் கூடப் படிப்பவர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ரடர் பஸ் ஸ்டியரிங் இல்லை. அதிகம் மிதித்தால் வெளி இறக்கை வேகமெடுத்து எழும்பும், சாய்வு தானாகவே கூடும். அதைத் தடுக்க ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளுவீர்கள்; மூக்கு தாழ்கிறதே என்று பின்னாலும் இழுப்பீர்கள். அந்த நிலையில் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், உள் இறக்கை முதலில் விழும், விமானம் சுழலும். நானூறு அடியில் இதிலிருந்து மீள வழியில்லை. பேனலில் சறுக்கலைக் காட்டும் குழாய்க்குள் உள்ள பந்து திருப்பத்துக்கு வெளிப்பக்கம் ஓடினால் ரடர் அதிகம் என்று அர்த்தம்.

பயிற்சியாளர் சத்தம் போடுவதும் நியாயம்தான். நேராகப் பறக்கையில் 45 நாட் (knot) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 30 டிகிரி சாய்வில் சுமார் 48-லும், 45 டிகிரியில் 54-லும், 60-ல் 64-லும் ஸ்டால் ஆகும். தரைக்கு அருகே 30-ஐத் தாண்டாதீர்கள்.

‘இறங்கிக்கொண்டேதானே திரும்புகிறோம், இந்தக் கணக்கு எதற்கு?’ என்று சிலர் வாதம் செய்வார்கள். பாதி உண்மை. ஸ்டிக்கைத் தளர்த்தி மூக்கைத் தாழவிடும் அந்தச் சில நொடிகள் மட்டும் இறக்கை மேல் பாரம் குறையும், ஸ்டால் வேகம் ஏறாது. ஆனால் ஒரே சீராக இறங்கியபடி திரும்பினால் பாரம் ஏறக்குறைய மட்டத் திருப்பத்தில் உள்ளதேதான். தரை நெருங்கும்போது கை தன்னாலே ஸ்டிக்கை இழுக்கும் என்பதால், இந்தச் சலுகையை நம்பவே நம்பாதீர்கள்.

தாண்டிப் போவதற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். மதுரை ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மேல்காற்று அதன் நேர்கோட்டிலேயே வரும். நீங்கள் பழகும் ரன்வே தெற்கு வடக்கு என்றால், மேற்கிலிருந்து பேஸ் (கடைசித் திருப்பத்துக்கு முன் ரன்வேக்குக் குறுக்காக வரும் பாதை) பறக்கும்போது அதே காற்று முதுகில் தள்ளும். முன்கூட்டியே திரும்பத் தொடங்குங்கள். அப்படியும் தாண்டிவிட்டதா? ஃபுல் த்ராட்டில், கோ-அரவுண்ட்; இறங்காமல் மேலேறி இன்னொரு சுற்று வாருங்கள்.

அங்கேதான் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் கெடுக்கிறார்கள். மணிக்கணக்கில் பேக்கேஜ் போட்டு முன்பணம் வாங்குவதால், இன்னொரு சுற்றுக்குப் பையன்கள் காசை எண்ணித் தயங்குகிறார்கள். ‘பறக்காத மணியையும் லாக்புக்கில் ஏற்றித் தருகிறோம்’ என்பவர்களும் உண்டு. அப்படி எவனாவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் தளத்திலேயே இருக்கிறது. பிடிஎஃப் குவியலுக்குள் அதைப் புதைத்துவைத்திருப்பதுதான் ஏஜெண்டுகளுக்கு வசதி. தேடி எடுத்து, பணத்தைப் பள்ளியின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.