குளிக்கும்போது வரும் விடை

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மேசையில் மல்லுக்கட்டியும் பிடிபடாத கணக்கு குளிக்கும்போது சட்டென விளங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள், "அப்போ போட்டுப் பாக்காமலே விட்டுரலாமா சார்?" என்கிறார்கள். இந்தத் திடீர்த் தெளிவை வகுப்பில் பழக்க முடியுமா?
- ஒரு கணக்கு ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முட்டி மோதாதவருக்குக் குளியலறையில் தண்ணீர் மட்டும்தான் வரும். கணித மேதை பொன்காரே வண்டிப்படியில் கால் வைத்த கணத்தில் ஓர் உண்மை பிடிபட்டதாகச் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கு முன் 15 நாள் தினமும் மேசையில் உட்கார்ந்து தோற்றதையும், ஊர் திரும்பியபின் சரிபார்த்ததையும் விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் நாம் சந்தேகிக்கவே தோன்றாத ஓர் அனுமானம்தான் வழியை மறிக்கிறது. உங்கள் ஊரிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது. ரப்பர் பூ மிகச் சிறிது. தோட்டத்தில் வைத்த தேன் பெட்டியோ நிறைகிறது. தேன் எங்கிருந்து? பிள்ளைகள் பூக்களை எண்ணத் தொடங்குவார்கள். தேன் என்றால் பூ என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் காம்பில் கூடும் இடத்துச் சுரப்பிகளில் தேன் கசிகிறது. தேனீ போவது அங்கேதான். (வீட்டில் தேன் பெட்டி உள்ள பிள்ளையை முதலில் வாய் திறக்க விடாதீர்கள்!)

வகுப்பில் 20 நிமிடம் முழு மூச்சாக முயலட்டும். எந்த வழியில் போனார்கள், எந்த வரியில் நின்றது என்று எழுதட்டும். அதன் கீழே, கேள்வியில் சொல்லாமல் தாங்களாக எடுத்துக்கொண்டது எது என்று ஒரு வரி. இந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம். எழுதிப் பார்க்கும்போதே சிலருக்கு விடை விழுந்துவிடும். மற்றவர்களுக்கு 10 நிமிடம் கரும்பலகை துடைப்பது, நோட்டு அடுக்குவது போல மனம் ஒட்டாத வேலை கொடுங்கள். இன்னொரு கடினக் கணக்கு கொடுத்தால் மனம் அதில் மாட்டிக்கொள்ளும். செல்பேசியும் அப்படித்தான். களைத்துப் போனபின் நிறுத்தினால் பயன் குறைவு. ஒரே வழியை மூன்றாம் முறை சுற்றும்போதே நிறுத்துங்கள்.

"நெருங்கிட்டியா?" என்று கேட்டுப் பயனில்லை. உளவியலாளர் ஜேனட் மெட்கால்ஃப் 1980களில் செய்த சோதனைகளில், சாதாரண இயற்கணிதக் கணக்கில் 'நெருங்குகிறேன்' என்ற உணர்வு படிப்படியாக ஏறியது. திடீரென விளங்கும் வகைப் புதிர்களில் கடைசிவரை ஏறவில்லை. நெருங்கிவிட்டதாக முன்கூட்டியே உணர்ந்தவர்கள் தவறான விடையில் போய் நிற்பதே அதிகமாக இருந்தது.

ஆகவே "அட!" என்று கத்தும் பிள்ளைக்கு உடனே மதிப்பெண் போடாதீர்கள், விடையைக் கணக்கில் திரும்பப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். வட்டிக் கணக்குக்கெல்லாம் இந்தப் பாடு வேண்டாம், அங்கே படிப்படியாகப் போட்டாலே விடை வந்துவிடும்.