நிர்வாக நீதிபதியின் பெயர் தெரியலாம், வீடு தெரியலாமா? வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் அரசுத் துறைகளுக்குள் வழக்கு விசாரிக்கும் நீதிபதிகளைப் பற்றிச் சில மாதங்களாக நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. தகவல் கேட்பவர்களுக்காகவும் வேலை பார்த்திருக்கிறேன், தகவலைக் காக்க வேண்டியவர்களுக்காகவும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்து நியாயத்தையும் மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

என் அப்பாவின் டிஸெபிலிட்டி (ஊனமுற்றோர் உதவித்தொகை) மேல்முறையீட்டை விசாரித்தவரை எல்லாரும் ‘ஜட்ஜ்’ என்றார்கள். ஆனால் அது கோர்ட் இல்லை என்கிறார் வக்கீல். எது சரி?

இரண்டும் சரி. அவர் நிர்வாகச் சட்ட நீதிபதி. 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் வழியில், ஓர் அரசுத் துறைக்குள்ளேயே உட்கார்ந்து சாட்சி கேட்டுத் தீர்ப்பு எழுதுபவர். மத்திய அரசில் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர், ஓய்வூதியமும் ஊனமுற்றோர் உதவித்தொகையும் வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி துறையில்தான் இருக்கிறார்கள். இமிக்ரேஷன் நீதிபதிகள் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுக்குக் கீழே வருபவர்கள். சட்டப்படி வேறு வகை என்றாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். மாநிலங்களிலும் தொழில் உரிமம், வேலையிழப்பு உதவித்தொகை போன்ற வழக்குகளுக்கு இவர்கள் உண்டு.

இவர்கள் யாரும் நீதித்துறையைச் சேர்ந்தவர்கள் அல்ல, நிர்வாகப் பிரிவின் ஊழியர்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்தே முளைக்கிறது.

நீதிபதிகளின் முகவரியை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்ல ‘டேனியல் சட்டம்’ இருக்கிறதே. அது நிர்வாக நீதிபதிகளுக்கும் உண்டா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2020 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சியில் மத்திய நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டுக் கதவை ஒருவன் தட்டினான், பார்சல் கொண்டுவருபவன் போல உடுத்திக்கொண்டு. கதவருகே வந்த 20 வயது மகன் டேனியல் ஆண்டர்ல் சுடப்பட்டு இறந்தார். கணவர் படுகாயமடைந்தார். சுட்டவன் அந்த நீதிபதி முன் வழக்காடிய ஒரு வக்கீல். வீடு எங்கே என்பதை இணையத்திலிருந்தே திரட்டியிருந்தான்.

அதே ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சி தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் சட்டம் 2022 டிசம்பரில் வந்தது. மத்தியச் சட்டப்படி, நீதிபதியின் முகவரியையும் சொந்தத் தொலைபேசி எண்ணையும் தகவல் தரகு நிறுவனங்கள் (மக்களின் விவரங்களைத் திரட்டி விற்பவை) விற்கக் கூடாது. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ‘மத்திய நீதிபதி’ யார் என்று அது தரும் பட்டியலில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் முதல் திவால் நீதிமன்ற நீதிபதிகள், மாஜிஸ்ட்ரேட்டுகள், வரி நீதிமன்றத்தார் வரை இருக்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி நீதிபதி இல்லை, இமிக்ரேஷன் நீதிபதியும் இல்லை.

நியூ ஜெர்சி இதில் தெளிவாக இருக்கிறது. அங்கே ‘நீதி அதிகாரி’ என்ற சொல்லுக்குள் நிர்வாகச் சட்ட அலுவலக நீதிபதிகள், தொழிலாளர் இழப்பீட்டு நீதிபதிகள், நிர்வாகப் பிரிவில் பணியாற்றும் மற்ற நீதிபதிகள் எல்லாரும் அடக்கம். ஓய்வு பெற்றவர்களும் சேர்த்தி. அறிவிப்புக் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் எடுக்காத நிறுவனம், மீறல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1,000 டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம்.

என் கருத்து இது: ஊனமுற்ற ஒருவரின் மாத வருமானத்தையோ, ஒரு குடும்பம் இந்த நாட்டில் தங்குவதையோ முடிவு செய்யும் நீதிபதிக்கு வரும் ஆத்திரம், எந்தக் கோர்ட் நீதிபதிக்கு வருவதற்கும் குறைந்ததில்லை. எதிரே இருப்பவர் பல நேரம் வக்கீல்கூட இல்லாமல், கடைசி நம்பிக்கையோடு வந்து நிற்பவர். பாதுகாப்பை ஆபத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று பார்த்துக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஓர் இமிக்ரேஷன் நீதிபதி மீது வந்த புகார்களைத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்டேன். கொடுத்தார்கள், ஆனால் பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்பு. தனிப்பட்ட தகவலாம். விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள். இதே கேள்வி வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்க இமிக்ரேஷன் வக்கீல்கள் சங்கம் 2012இல் இப்படித்தான் கேட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு நீதிபதியின் பெயரையும் மறைத்து, அதற்குப் பதிலாக ஒரு குறியீடு போட்டிருந்தார்கள். எல்லாப் பெயரையும் இப்படி ஒட்டுமொத்தமாக மறைத்தது செல்லாது என்று 2016இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தீர்ப்பின் உள்ளே இருக்கும் நியாயம்தான் முக்கியம். ஒருவர் இன்னும் பதவியில் இருக்கிறார், அவர் மேல் கடுமையான புகார்கள் பல, விசாரணையில் அவை உண்மை என்றும் தெரிந்திருக்கிறது. இன்னொருவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் மேல் ஒரே ஒரு புகார், அதுவும் நிரூபணம் ஆகவில்லை. இந்த இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தனித்தனியாக எடைபோட்டுத்தான் மறைக்க வேண்டும்.

ஆக, உங்கள் மேல்முறையீட்டில் “எல்லாப் பெயரையும் கொடு” என்று எழுதாதீர்கள். எந்தப் புகார் உறுதியானது, அவர் இன்னும் பணியில் இருக்கிறாரா, அந்தப் பெயர் தெரிந்தால் அந்தத் துறை புகார்களை எப்படிக் கையாண்டது என்று மக்களுக்கு என்ன புரியும், இவற்றை எழுதுங்கள். பதில் வந்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அந்தக் கோப்பில் நீதிபதியின் வீட்டு முகவரி இருந்தால் அது மறைந்தேதான் இருக்கும். மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு முகவரி தனிப்பட்டது என்று 1994இலேயே சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது. அன்றைக்குக் கேட்டவை தொழிற்சங்கங்கள். அவற்றுக்கே கிடைக்கவில்லை.

நீதிபதியின் சம்பளம், சொத்துக் கணக்கு பார்க்கலாமா?

பார்க்கலாம். பெயர், பதவி, சம்பளம், பணியிடம் எல்லாம் பொதுத் தகவல். சோஷியல் செக்யூரிட்டி, எந்த நீதிபதி எத்தனை வழக்குகளை ஏற்றார், எத்தனை மறுத்தார் என்று பெயரோடு வெளியிடுகிறது. அது இருக்க வேண்டியதுதான். மத்திய நிர்வாகச் சட்ட நீதிபதிகள் சொத்து அறிக்கையும் கொடுக்கிறார்கள், நீங்கள் யார் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். வியாபாரத்துக்கோ, கடன் தகுதி பார்க்கவோ, நிதி திரட்டவோ பயன்படுத்தக் கூடாது. ஆபத்து இருந்தால் அறிக்கையில் சில வரிகளை மறைக்கும் வசதி நீதித்துறை நீதிபதிகளுக்கு உண்டு. இவர்களுக்கு அது இல்லை.

என் அம்மா ஒரு மாநிலத்தில் நிர்வாக நீதிபதி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அவர் பெயரை நீங்களே தேடிப் பார்ப்பதிலிருந்து. ஒருமுறை இப்படி ஒரு நீதிபதியின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேடினோம். முதல் பக்கத்திலேயே முகவரி, கணவர் பெயர், மகளின் வயது, முன்பு குடியிருந்த இரண்டு வீடுகள். நாலாவது இணைப்பில் வீட்டின் தெருப்படம். வாசலில் அவருடைய கார் நிற்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

முகவரியைக் காட்டும் தளங்களுக்கு நீக்கச் சொல்லி எழுதுவது பாதி வேலைதான். ஊற்றை அடைக்காவிட்டால் சில மாதத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். கவுண்டி (மாவட்டம் போன்றது) சொத்துப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், வக்கீல் சங்கப் பதிவில் கொடுத்த முகவரி, அரசியல் நன்கொடை என்று இவைதான் ஊற்றுகள். மத்தியத் தேர்தல் வேட்பாளருக்குக் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால் பெயரும் முகவரியும் பதிவாகிவிடும். வாகனப் பதிவைப் பற்றிக் கவலை குறைவு. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் கொஞ்சம் காக்கிறது. கூகுள் தெருப்படத்தில் வீட்டை மங்கலாக்கச் சொல்லிக் கேட்கலாம். மங்கலாக்கியதை மீட்க முடியாது, அதனால் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். யாருக்கு எப்போது எழுதினோம், எப்போது எடுத்தார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

முகவரியை வெளியே விடுவது பல நேரம் குடும்பம்தான். கல்யாண அழைப்புத் தளம், இரங்கல் குறிப்பு, பள்ளி விழாப் படத்தின் கீழே எழுதிய பெயர்கள். மகனோ மகளோ நீங்கள்தானே, உங்கள் பக்கங்களையும் ஒரு முறை பாருங்கள்.

அம்மாவின் அலுவலகம் ஆவணங்களை எப்படி மறைக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து அனுப்புகிறார்கள். அதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் அடியில் இருந்த எழுத்து அப்படியே வந்துவிடுகிறது. இது என் கண்ணெதிரேயே நடந்திருக்கிறது.

சிறிய செய்திமடல் நடத்துகிறேன். ஓர் அதிகாரி பணி செய்யும் ஊரில் குடியிருக்கவே இல்லை என்று தெரிந்தது. முகவரியைப் போட்டு நிரூபிக்கலாமா?

செய்தியைப் போடுங்கள், முகவரியைப் போடாதீர்கள். நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகரில் இதேபோல ஒரு பத்திரிகையாளர், காவல் துறை இயக்குநர் இரண்டு மணி நேரத் தொலைவில் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார். சரியான முகவரியையும் வெளியிட அனுமதி கேட்டு வழக்கு நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் வரை போனது. அந்த மாநிலத்தின் டேனியல் சட்டம் காவல் அதிகாரிகளையும் காக்கிறது, 2025இல் கோர்ட் அந்த வழக்கில் அது செல்லும் என்றது. இன்ன ஊரில் இருக்கிறார் என்பது மக்கள் அறிய வேண்டிய செய்தி. கதவு எண்ணும் தெருப்பெயரும் இல்லாமலே அதைச் சொல்ல முடியும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஊர்ப் பெயர், தொலைவு, எந்தப் பதிவில் பார்த்தீர்கள் என்பது போதும். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு, உங்கள் ஊர் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் டிஸெபிலிட்டி மனுவை மறுத்த நீதிபதியின் வீட்டுப் படத்தையும் முகவரியையும் போட்டு, “போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதிவிட்டார். வெறும் கோபம்தான் என்கிறார்.

வெறும் கோபமாகவே இருக்கலாம். ஆனால் மிரட்டும் நோக்கத்தோடு மத்திய அரசு ஊழியர் ஒருவரின் வீட்டு முகவரியை, அவர் செய்யும் வேலைக்காக, வெளியிடுவது குற்றம். 5 ஆண்டு வரை சிறை. டேனியல் சட்டத்தின் மத்திய வடிவம் விட்டுவிட்ட நிர்வாகச் சட்ட நீதிபதியும் இந்தக் குற்றப்பிரிவுக்குள் வந்துவிடுகிறார்.

யாரும் அதை ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கச் சொல்லுங்கள். அவர் பேச்சில் உண்மையாகவே பயம் வந்தால் போலீசுக்குச் சொல்லத் தயங்காதீர்கள், நீதிபதியின் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். அப்புறம் அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அவர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். கடிதத்தை எடுத்து, அந்தக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள்.