நாள் குறித்தாகிவிட்டது, பிறகு எதற்கு ஜெபம்?

அன்புள்ள ஐயா,

எல்லாம் தேவசித்தப்படிதான் நடக்கும் என்று நம்புகிறவன் நான். இப்போது அந்த நம்பிக்கையே என் ஜெபத்தைக் கெடுக்கிறது. முழங்கால்படியிட்டதும், 'நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் நினைத்ததுதானே நடக்கப்போகிறது' என்று தோன்றிவிடுகிறது. என் ஜெபத்தால் தேவன் மனம் மாறுவார் என்றால் அவருடைய இறையாண்மை என்ன ஆவது? மாறமாட்டார் என்றால் நான் ஏன் கேட்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞரான ஓரிகனுக்கு அவருடைய நண்பர் அம்புரோசியு இதையேதான் கேட்டு எழுதினார். அதுவும் கடிதத்தில்தான்! எனவே நீங்கள் தனி ஆள் இல்லை.

தானியேல் 9-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேமின் பாழ்க்கடிப்பு 70 வருஷத்தில் முடியும் என்று எரேமியா எழுதியிருந்ததைத் தானியேல் படிக்கிறார். யூதர்களைச் சிறைப்பிடித்துப்போன பாபிலோன் விழுந்தாகிவிட்டது, காலமும் நெருங்கிவிட்டது. உங்கள் கணக்குப்படி அவர் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். அவரோ உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, 'தாமதியாதேயும்' என்று கெஞ்சுகிறார். தேதி தெரிந்ததால்தான் அந்தக் கெஞ்சல். தேவன் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம் என்ற தைரியம் அவருக்கு.

எரேமியா சிறைபட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தையும் (29-ஆம் அதிகாரம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 70 வருஷம் என்று சொன்ன கையோடு, 'அப்பொழுது நீங்கள் என்னை நோக்கி ஜெபம்பண்ணுவீர்கள், நான் கேட்பேன்' என்றும் தேவன் சொல்லிவிடுகிறார். விடுதலை மட்டுமல்ல, அதற்கான ஜெபமும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. முடிவை நியமிக்கிறவர் அதற்குப் போகும் வழியையும் நியமிக்கிறார் என்று இடைக்கால இறையியலாளர் அக்வினாவின் தோமா சொன்னதும் இதைத்தான். ஆயுசு நாட்கள் எண்ணப்பட்டிருக்கின்றன என்பதற்காக யாரும் சாப்பாட்டை நிறுத்துவதில்லையே. ஜெபத்துக்கு மட்டும் ஏன் இந்த வாதத்தைக் கொண்டுவருகிறோம்?

சரி, சாகும் வியாதியில் அழுது ஜெபித்த எசேக்கியா ராஜா? 'பிழைக்கமாட்டீர்' என்று சொல்லிவிட்டுப் போன ஏசாயா தீர்க்கதரிசி நடுமுற்றத்தைத் தாண்டுவதற்குள், 15 வருஷம் கூட்டிக்கொடுத்தேன் என்று வார்த்தை வருகிறது. தேவன் மனம் மாறினாரா? சாமுவேலின் முதலாம் புஸ்தகம் 15-ஆம் அதிகாரம், அவர் மனஸ்தாபப்பட்டார் (செய்ததற்கு வருந்தினார்) என்றும் சொல்கிறது, மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தில். தேவனுடைய இறையாண்மையை அழுத்திச் சொன்ன கால்வினைப் பின்பற்றுகிறவர்களும் மனிதனுடைய சுயாதீனத்தை அழுத்திச் சொன்ன அர்மீனியஸைப் பின்பற்றுகிறவர்களும் இங்கே பிரிகிறார்கள். அந்த எச்சரிப்பும், ராஜாவின் கண்ணீரும், கூடுதல் வருஷங்களும் எல்லாமே தேவனுடைய நோக்கத்துக்குள் இருந்தவை என்பது என் வாசிப்பு. முடிச்சு முழுக்க அவிழ்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எனக்கு அதிகம் உதவியது மாற்குவில் வரும் கெத்செமனே ஜெபம். 'எல்லாம் உம்மாலே கூடும்' என்று இயேசு ஆரம்பிக்கிறார். அது இறையாண்மையின் அறிக்கைதான். அடுத்தது, 'இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்'. அப்புறம்தான் 'உம்முடைய சித்தம்'. நாமோ அந்தக் கடைசி வரியை முதலில் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே எழுந்துவிடுகிறோம். பார்ப்பதற்குப் பக்தி மாதிரி இருக்கும், பல நேரம் அது ஏமாந்துபோகக் கூடாதே என்ற பயம்தான்.

எதைக் கேட்க முழங்கால்படியிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை மழுப்பாமல் நேராகவே கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. பவுல் மூன்றுதரம் கேட்டும், 'முள்' என்று அவர் சொன்ன அந்த உபாதை எடுபடவில்லை. அதைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன்.