பாகவதர் தப்பு பண்ணலைன்னா ஏன் ஜெயிலுக்குப் போனார்?

வணக்கம் சார்,

பழைய மெட்ராஸ் பத்தி எழுதும்போது போற போக்குல "லட்சுமிகாந்தன் கேஸ் மாதிரி"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதை எங்க பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்களுக்கு 93 வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். உடனே சூடாயிட்டாங்க. அவங்க அப்பா அந்த கேஸுக்கு அப்புறம் வீட்ல பாகவதர் ரெக்கார்டே போடக்கூடாதுன்னு சொல்லிட்டாராம். "தப்பு பண்ணலைன்னா ஏன் ஜெயிலுக்குப் போகணும், பணம் இருந்துச்சு வெளிய வந்துட்டாரு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. ஜெயில்ல போட்டதும் அதே ஹைகோர்ட், விட்டதும் அதே ஹைகோர்ட், இது எப்படி சார்? நிஜமா யாருதான் கொன்னது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பாட்டி கேக்கறது நியாயமான கேள்விதான், அன்னிக்கு பாதி மெட்ராஸ் ராஜதானி அதையேதான் கேட்டுச்சு. (தெரியாதவங்களுக்கு: லட்சுமிகாந்தன்னு ஒரு பத்திரிகைக்காரர் 1944-ல மெட்ராஸ்ல கொலையானார், அந்தக் கேஸ்ல அன்னிக்கு பெரிய பாட்டு ஹீரோவா இருந்த தியாகராஜ பாகவதர் மாட்டினார்.) ஆனா உங்க கடிதத்துல ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. பாகவதர் செஞ்சாரா இல்லையாங்கறது ஒண்ணு, லட்சுமிகாந்தனை யாரு கொன்னாங்கறது வேற ஒண்ணு. எண்பது வருஷமா நாம முதல் கேள்வியையே பேசிட்டு இருக்கோம், ரெண்டாவது அப்படியே கிடக்கு.

அந்த நாள்ல இருந்து ஆரம்பிக்கறேன். 1944 நவம்பர் 8. வேப்பேரியில இருக்கற வக்கீல் நண்பர் ஒருத்தரைப் பாத்துட்டு லட்சுமிகாந்தன் கைரிக்‌ஷாவுல திரும்பி வர்றார். ஜெனரல் காலின்ஸ் ரோட்ல ஆளுங்க ரிக்‌ஷாவை மடக்கி கத்தியால குத்திட்டு ஓடிடறாங்க. இங்கதான் எனக்கு எப்பவுமே மனசு நின்னுடும். ஆளு சாகலை. ரத்தம் ஒழுக ஒழுக அந்த வக்கீல் வீட்டுக்கே திரும்ப நடந்து போறார், நடந்ததைச் சொல்றார், வக்கீல் ஒரு ஆளைக் கூட அனுப்பி இன்னொரு ரிக்‌ஷாவுல ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறார். போற வழியில வேப்பேரி போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழ இறங்காமலே, போலீஸ்காரரை வெளிய வரவச்சு கம்ப்ளெய்ன்ட் குடுக்கறார். மறுநாள் ஆஸ்பத்திரியில உயிர் போயிடுது, கத்திக்குத்து கிட்னி வரைக்கும் போயிருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, கொலையான ஆளே போலீஸ்கிட்ட வாய் திறந்து பேசியிருக்கார், இதை விட சுளுவான கேஸ் போலீஸுக்குக் கிடைக்குமா. அப்படிப்பட்ட கேஸ்தான் இந்த கதிக்கு ஆச்சு.

இவரு யாருன்னா, சாது ஒண்ணும் இல்லை. ஃபோர்ஜரி கேஸ்ல உள்ள போனவர், ராஜமுந்திரி ஜெயில்ல இருந்து தப்பிச்சு மாட்டி, அந்தமான் வரைக்கும் போய்ட்டு வந்தவர். மெட்ராஸ் திரும்பி 1943-ல சினிமா தூதுன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். நடிகர் நடிகைங்களோட படுக்கையறை சமாச்சாரம்தான் சரக்கு, அதுல எது நிஜம் எது புளுகுன்னு கேக்கவும் ஆளில்லை. போட்டா சர்க்குலேஷன்ல காசு, போடாம இருக்கறதுக்கு சம்பந்தப்பட்டவங்ககிட்ட காசு, ரெண்டு பக்கமும் வருமானம். இன்னிக்கு யூடியூப்ல தம்ப்நெயில் போட்டு பண்றவங்களுக்கெல்லாம் இவரு கொள்ளுத்தாத்தா. தாங்க முடியாம தியாகராஜ பாகவதர், காமெடி நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனு குடுத்தாங்க, பத்திரிகையோட லைசென்ஸ் ரத்தாச்சு. மனுஷன் அசரலை. இந்து நேசன்னு இன்னொரு பத்திரிகையை வாங்கி அதே கடையை அதுல விரிச்சிட்டார்.

இந்த மனுதான் பின்னாடி பாகவதருக்கு வினையாச்சு, "பாத்தியா, பகை இருந்திருக்கு"ன்னு எல்லாரும் கை காட்டினாங்க. நான் நேர் எதிரா நினைக்கறேன். ஒருத்தனை ஆள் வச்சு முடிக்கணும்னு நினைக்கறவன் கையெழுத்துப் போட்டு கவர்னருக்கு மனு குடுப்பானா? அதுவும் இல்லாம, பகை இருக்கறதே ஆதாரம்னா அன்னிக்கு மெட்ராஸ்ல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் சினிமாக்காரங்க பாதிப்பேரை ஜெயில்ல போட்டிருக்கணும். சினிமாவை விட்டுத் தள்ளுங்க, போட் மெயில் ரயில்ல நடந்த ஒரு கொலையைப் பத்தி இவரு எழுதினதாலதான் ஆளை முடிச்சாங்கன்னு கூட ஒரு பேச்சு ரொம்ப வருஷமா சுத்திட்டு இருக்கு. பேச்சுதான், ஆனா எத்தனை பேருக்கு இவரு மேல காரணம் இருந்துச்சுங்கறதுக்காக சொல்றேன்.

டிசம்பர் கடைசியில பாகவதரைப் பிடிச்சாங்க, என்.எஸ்.கே-வையும் நாயுடுவையும் கூட. குத்தினாங்கன்னு இல்லை, சதி பண்ணினாங்கன்னு கேஸ். இதை பாட்டிக்கு அழுத்திச் சொல்லுங்க, நிறைய பேரு பாகவதரே கத்தியோட நின்ன மாதிரி பேசறாங்க. சதி கேஸ்ல எல்லாமே வாய்வார்த்தைதான், யாரு எங்க உக்காந்து யாருகிட்ட என்ன சொன்னாங்க, யாரு பணம் குடுத்தாங்க. அப்ரூவரா, அதாவது கூட்டாளியா இருந்து அரசு சாட்சியா மாறின ஒரு ஆளோட பேச்சை வச்சுத்தான் அரசு தரப்பு நின்னுச்சு. அப்ரூவர்னாலே தன் தலை தப்பணும்னு பேசறவன், அவன் சொல்றதை வேற நல்ல சாட்சி வந்து தாங்கிப் பிடிச்சாதான் நிக்கும்.

ஹைகோர்ட் செஷன்ஸ்ல ஜட்ஜ் மாக்கெட் முன்னால விசாரணை, அப்போ ஜூரி முறை, பொதுஜனத்துல இருந்து எடுத்த ஒம்பது பேருதான் குற்றவாளியா இல்லையான்னு சொல்லணும். நாயுடுவுக்காக பம்பாய்ல இருந்து கே.எம்.முன்ஷி வந்து வாதாடினார், நாயுடு விடுதலை ஆயிட்டார் (பின்னாடி பக்ஷிராஜா ஸ்டூடியோல மலைக்கள்ளன் எடுத்தாரே, அதே நாயுடுதான்). பாகவதரும் என்.எஸ்.கே-வும் குற்றவாளின்னு ஜூரி சொல்லுச்சு, ஆறுக்கு மூணு. அந்த மூணை கவனிங்க. ஒம்பது பேர்ல மூணு பேரு நம்பலை, சட்டப்படி ஆறு போதும், 1945 மே மாசம் தீர்ப்பு, தீவாந்தர சிட்சை. அதாவது ஆயுள் முழுக்க அந்தமான், ஆனா அந்தமான் அப்போ ஜப்பான்காரன் கையில இருந்துச்சு, அதனால இங்கயே ஜெயில்.

அதே வருஷம் ஹைகோர்ட்ல அப்பீல் தள்ளுபடி ஆச்சு. அப்புறம் லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போனாங்க, அதுதான் அப்போ நமக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட். உங்க "ஜெயில்ல போட்டதும் விட்டதும் அதே கோர்ட்"ங்கற கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. பிரிவி கவுன்சில் இவங்க நிரபராதின்னு சொல்லலை. சாட்சியத்தை அப்பீல் கோர்ட் தானே எடை போட்டுப் பாக்கணும், ஜூரி சொல்லிடுச்சுன்னு விட்டுடக்கூடாது, அந்த வேலை சரியா நடக்கலை, அப்பீலைத் திரும்ப விசாரிங்கன்னு அனுப்பிச்சு. திரும்ப விசாரிச்சப்போ என்.எஸ்.கே-வுக்கு வி.எல்.எத்திராஜ் ஆஜரானார், காலேஜ் பேரா இருக்காரே அவரேதான். அந்த சாட்சியம் நிக்கலை. 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க, சுதந்திரத்துக்கு நாலு மாசம் இருக்கும்போது. இதுல பணம் எங்க விளையாடுச்சுன்னா வக்கீல் ஃபீஸ்லதான், அதை மறைக்க வேண்டியதில்லை. லண்டன் வரைக்கும் போக வசதி இல்லாத ஒருத்தன் இதே சாட்சியத்துல மாட்டியிருந்தா ஜெயில்லயே கிடந்திருப்பான், பாட்டி சொல்றதுல அந்த அளவு உண்மை இருக்கு. ஆனா அது பாகவதர் குத்தம் இல்லையே.

நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சு. ரிலீஸாகி மூணு வாரத்துல கொலை, அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்குள்ள அரெஸ்ட். உள்ள ஹீரோ கைதி நம்பரோட உக்காந்திருக்கார், வெளிய அதே ஆளைப் பாக்க ஜனம் டிக்கெட் எடுக்குது, மூணு தீபாவளி! உங்க கொள்ளுத்தாத்தா ரெக்கார்டை ஒதுக்கி வச்ச அதே நாட்கள்ல.

வெளிய வந்தப்புறம் பாகவதர் எழுந்திரிக்கலை. 1948-ல ராஜமுக்தின்னு பேரு வச்சே ஒரு படம் எடுத்துப் பாத்தார், ஓடலை, அதுக்கப்புறம் வந்ததும் பெருசா போகலை, 1959 நவம்பர் 1-ஆம் தேதி போய்ச் சேர்ந்துட்டார். ஜெயில்தான் அவரை அழிச்சதுன்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு முழுசா ஒப்புதல் இல்லை. சினிமாவும் அதே நேரத்துல மாறிடுச்சு, பாட்டு போய் வசனம் வந்துச்சு. என்.எஸ்.கே-வைப் பாருங்க, அதே கேஸ், அதே ஜெயில். அவரு மனைவி மதுரம் அம்மா வெளிய இருந்து பைத்தியக்காரன் படத்தை நடத்தி முடிக்கறாங்க, அவரு வந்து அதுல தலையைக் காட்டறார், அடுத்து நல்லதம்பி, மணமகள்னு போயிட்டே இருக்கார். சிரிக்க வைக்கறவன் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தா ஜனம் இன்னும் கிட்ட வந்து கேக்குது, பக்தனா நடிச்சவன் போய்ட்டு வந்தா கொஞ்சம் தள்ளி நிக்குது. உங்க கொள்ளுத்தாத்தா தள்ளி நின்ன ஆள், கோர்ட் விட்டப்புறமும் கிட்ட வரலை.

யாரு கொன்னாங்கற கேள்விக்கு வர்றேன். செத்தவரோட பேச்சே போலீஸ் கையில இருந்துச்சு, ஆனா எல்லார் கண்ணும் பெரிய பேருங்க மேல போயிடுச்சு, அந்தப் பேருங்க கீழ விழுந்தப்போ கேஸும் சேந்து விழுந்துடுச்சு. பின்னாடி இருந்து ஏவினது யாருங்கறது அதோட அடங்கிப் போச்சு. அதைத் திரும்பத் தோண்டணும்னு யாருக்கும் தோணலை, ஏன்னா செத்தது லட்சுமிகாந்தன். "அவனுக்கு வேணும்"னு சொல்லிட்டு பாகவதருக்காக அழுதாங்க. எனக்கும் அந்த ஆளு மேல பெரிய மரியாதை இல்லை, ஆனா ரிக்‌ஷாவுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருந்தவன் கம்ப்ளெய்ன்ட்டுக்கு இன்னும் பதில் வரலைங்கறது உறுத்துது.

பாட்டிகிட்ட ஒண்ணு மட்டும் எனக்காக கேளுங்க. பாகவதரைப் பத்தி வேண்டாம், அதுல அவங்க மாறப்போறதில்லை. இந்து நேசன் அவங்க வீட்டுக்கு வந்துச்சா, அவங்க அப்பா படிச்சாரான்னு கேளுங்க. அந்தக் காலத்து ஆளுங்க யாரைக் கேட்டாலும் "சீ, அதை யாரு தொடுவா"ம்பாங்க. எங்க பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னார், ஆனா எந்த நடிகையைப் பத்தி என்ன எழுதினான்னு ஒண்ணு விடாம சொன்னார். பாட்டி என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க, காதுல மெதுவா சத்தமா கேளுங்க.

அன்புடன்.