ஞாயிறு சாயங்காலப் படபடப்பு: நீங்கள் கோழை இல்லை

நண்பா, பெங்களூர் அல்சூரில் ஒரு பிஜி விடுதியில் இருக்கிறேன், தன்பாலீர்ப்பு உள்ளவன், ஆபீஸில் இல்லாத காதலியைச் சொல்லி ஒப்பேற்றுகிறேன், ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது, நான் கோழையா என்று கேட்டிருந்தீர்கள். கோழை இல்லை. இல்லாத ஒருத்திக்கு ஊர், வேலை, பிறந்தநாள் எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தையும் கவனித்துக்கொண்டே பேசினால் யாருக்கும் அசந்துதான் போகும் (நானும் மூன்று வருடம் ஒரு கோயம்புத்தூர் பொண்ணை வளர்த்தேன், கடைசியில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துத்தான் தப்பித்தேன்). இப்படிச் சிறுபான்மையாக இருப்பதாலேயே வரும் மன உளைச்சலைச் சிறுபான்மை அழுத்தம் என்பார்கள். இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் எழுதிய கட்டுரையில், ஒதுக்கப்படுவது மட்டுமல்ல, எப்போது ஒதுக்குவார்களோ என்று காத்திருப்பதும் மறைப்பதும்கூட ஆளைத் தேய்க்கும், நம்மைப் போன்றவர்களின் துணை அதைத் தாங்க உதவும் என்கிறார். நம் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 விஷயத்தில், அது குற்றமில்லை என்று 2018இல் தீர்ப்பு வந்தது, சரி, ஆனால் ஆபீஸ் கேன்டீன் பேச்சு மாறவில்லையே.

பெங்களூரில் நம்மைப் போன்றவர்களுக்காக 1994இல் தொடங்கிய குட் ஆஸ் யூ என்ற ஆதரவுக் குழுவை விசாரித்துப் பாருங்கள். முதல் தடவை வாயே திறக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்று பயந்தீர்களே, அவரும் அங்கேதானே வந்திருப்பார்! அப்புறம், தூக்கம் தொடர்ந்து கெட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.