மருத்துவக் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மாவுக்கும் ஐயாவுக்கும் இந்தப் பதில். எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வில் மகள் நன்றாகத் தேறியிருக்கிறாள். தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க வையுங்கள் என்று மாமன்மார் நெருக்குகிறார்கள். அவளோ பகுதிநேரமாக வேலை செய்யும் மருந்துக்கடையின் கணினி மாதக் கடைசியில் மட்டும் ஏன் மெதுவாகி இழுக்கிறது என்று ஆராய்வதிலேயே குறியாக இருக்கிறாள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் மாமன்மாரின் யோசனையை நான் ஏற்கவில்லை.

தனியார் மருத்துவப் பட்டத்துக்குச் சில இலட்சம் ரிங்கிட் ஆகும். அதை முடித்தாலும், 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே சேர்க்கப்பட்டு வருகிறார்கள். விருப்பமில்லாத பிள்ளைக்காக ஐயாவின் ஊழியர் சேமநிதியைத் தொடுவதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். பொறியியல், கணக்கியல் பற்றி உறவினர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள், அவற்றை விடுகிறேன்.

மகள் நாடுவது தரவுத்தள நிர்வாகம், அதாவது கணினியில் ஒழுங்காகச் சேமித்த பதிவேடுகளைப் பராமரிக்கும் வேலை. அதிலும் கேட்பவர்களுக்குத் தரவை எடுத்துத் தரும் சேவையகத்தின் (சர்வர்) வேகத்தைச் சீர்செய்யும் டியூனிங் வேலை. வங்கி, மருத்துவமனை, கூரியர் நிறுவனம் என எல்லா இடத்திலும் பதிவேடுகள் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அது மந்தமானால் முகப்பில் வரிசை நீளும். இதைக் கற்கப் பெரிய செலவு கிடையாது. 1986இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி வளர்ந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு உரிமக் கட்டணமே இல்லை. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியே போதும்.

முதலில் பத்து இலட்சம் வரிசைகள் (பதிவுகள்) கொண்ட ஓர் அட்டவணையை அவளே உருவாக்கி, ஒரு பெயரைத் தேடும் வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு, முன்னால் 'எக்ஸ்பிளைன் அனலைஸ்' என்று சேர்த்து இயக்கட்டும். அட்டவணை முழுவதையும் சேவையகம் படித்ததா, எந்தப் படியில் எத்தனை மில்லிவினாடி சென்றது என்பதெல்லாம் திரையில் வரும். இதுவே வினவலின் திட்டம். பிறகு பெயர்ப் பத்திக்கு, புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்ற, இண்டெக்ஸ் போட்டு மீண்டும் இயக்கினால் திட்டம் மாறுவதைக் காண்பாள். அதே பெயரைச் ஆங்கிலச் சிற்றெழுத்தாக மாற்றும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை வினவலில் சேர்த்தால், அந்த இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். அது ஏன் என்று தேடும்போதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது.

அடுத்தது நினைவக அமைப்புகள் (செட்டிங்ஸ்). படித்த தரவைச் சேவையகம் கையருகே வைத்துக்கொள்ளும் இடமான 'ஷேர்ட் பஃபர்ஸ்' இயல்பாக 128 மெகாபைட். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய கணினியில் மொத்த நினைவகத்தின் கால் பங்கிலிருந்து தொடங்கலாம் என்று அதிகாரபூர்வ ஆவணமே கூறுகிறது. வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவகமான 'வொர்க் மெம்' இயல்பாக 4 மெகாபைட், அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகப் பொருந்தும் வரம்பு என்பதை அறியாமல் 256 மெகாபைட் ஆக்கிவிட்டால், ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு வரிசைப்படுத்தல்களை ஓட்டும்போது 25 ஜிகாபைட் வரை கேட்கக்கூடும், சேவையகமே விழுந்துவிடும். இணையத்தில் யாரோ தந்த எண்ணை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே, தான் நிறுவிய பதிப்புக்கு உரிய ஆவணத்தையே அவள் முதலில் படிக்க வேண்டும். தரவுத்தளத்தின் உள்ளமைப்பை விளக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழக விரிவுரைகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் சற்றுக் கடினமாக இருக்கும், நிறுத்தி நிறுத்திக் கேட்கட்டும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் குறுகியகாலச் சான்றிதழ் வகுப்புகளில் இப்போது சேர்க்காதீர்கள்.

பள்ளிப் படிப்போடு இந்த வேலை கிடைத்துவிடாது. அரசு பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படித்து, தொழில்நுட்ப உதவியாளராகவோ நிரலாளராகவோ தொடங்கித்தான் இதற்கு வர முடியும். அங்கே கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. விண்ணப்பத்தைக் காலக்கெடுவுக்குள் அனுப்புங்கள்.

உதவி யாரிடம் கேட்பது என்று அம்மா கவலைப்பட்டீர்கள். அனுபவசாலிகள் தாராளமாக உதவுவார்கள். ஆனால் "மெதுவாக ஓடுகிறது" என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய இயலாது. மென்பொருளின் பதிப்பு, அட்டவணையின் அமைப்பு, வரிசைகளின் எண்ணிக்கை, வினவல், அதன் முழுத் திட்டம், மாற்றிய அமைப்புகள் ஆகியவற்றை அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மாற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஆன நேரத்தை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வரட்டும். கடையின் கணினியில் மட்டும் முதலாளியின் அனுமதியும் தரவின் முழு நகலும் இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.