நோக்கியா பங்கு ஏழு டாலர்தானே, வாங்கலாமா?

கேள்வி: 2007 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தேன். இப்போது வயது 38. 2017லிருந்து வேறொரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறேன், கைக்கு 24,000 ரூபாய் வருகிறது. கணவர் வேன் ஓட்டுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. சீட்டு எடுத்ததும் சேமித்ததுமாக பேங்கில் 5 லட்சம் இருக்கிறது. நோக்கியாவில் ஏ.ஐ. சிப் செய்யும் என்விடியாவே பணம் போட்டிருக்கிறதாமே? பங்கு விலையும் 7 டாலர் சொச்சம்தான். 3 லட்சத்துக்கு வாங்கிப் போடலாமா? என் கையால் எத்தனை போன் செய்த கம்பெனி, மேலே வரும் என்று மனசு சொல்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, 3 லட்சம் வேண்டாம். உங்கள் நம்பிக்கையைக் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் பார்த்துப் பழகிய கம்பெனியும் இன்று அந்தப் பங்குக்குப் பின்னால் இருக்கும் கம்பெனியும் வேறு வேறு. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த 2007இல் உலகில் விற்ற பத்து செல்போன்களில் கிட்டத்தட்ட நான்கு நோக்கியா. அந்த போன் வியாபாரத்தை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2013இல் பேசிய விலை 544 கோடி யூரோ. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேர முடியாமல் போய், 2014 நவம்பரில் மூடப்பட்டது. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017லிருந்து கடையில் பார்த்த நோக்கியா போன்கள் எச்.எம்.டி. என்ற தனி நிறுவனம் பெயரை மட்டும் உரிமம் வாங்கி விற்றவை. அந்த போன் நன்றாக விற்றாலும் நோக்கியா பங்குதாரருக்கு வருவது ராயல்டி அளவுக்குத்தான்.

இன்றைய நோக்கியா, டவர் உச்சியில் தொங்கும் ரேடியோ பெட்டியும் மண்ணுக்கடியில் ஓடும் ஃபைபருக்கான கருவியும் செய்கிறது. வாங்குபவர்கள் ஜியோ, ஏர்டெல் போன்ற கம்பெனிகள். நம் பக்கத்து போர்வெல் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே போர் போடும் கோடையில் வண்டி ராப்பகலாக ஓடும். எல்லாத் தோட்டத்திலும் போட்டு முடித்துவிட்டால் அடுத்த ஊர் தேட வேண்டியதுதான். 2022 அக்டோபரில் 5ஜி வந்ததும் இந்தியாவில் நோக்கியாவின் விற்பனை மளமளவென ஏறியது. டவர் வேலை முடிந்ததும் 2024இல் அதே வேகத்தில் இறங்கியது. வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்பதால் ஒருவர் விலகினாலும் அடி பலமாக விழும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஏ டி அண்ட் டி, ஐந்தாண்டில் 1,400 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தை நோக்கியாவின் போட்டியாளரான எரிக்சனுக்குக் கொடுத்தது. அங்கே அதுவரை இருந்த நோக்கியாவுக்கு இடம் போனது. அதே ஆண்டு அக்டோபரில்தான் 14,000 பேர் வரை ஆட்குறைப்பு என்று நோக்கியா அறிவித்திருந்தது.

நல்ல பக்கமும் இருக்கிறது. காப்புரிமை வருமானம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆப்பிள், சாம்சங் போன்ற பெரிய போன் தயாரிப்பாளர்கள் நோக்கியாவின் கண்டுபிடிப்புகளுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். 2024இல் மொத்த விற்பனை சுமார் 1,900 கோடி யூரோ, அதில் பத்தில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது. ஆலை வேண்டாம், கச்சாப்பொருள் வேண்டாம், பெரும்பகுதி லாபமாக நிற்கும். 2025இல் இன்ஃபினெரா என்ற கம்பெனியை வாங்கியதால் டேட்டா சென்டர்களுக்கான ஃபைபர் கருவி வியாபாரமும் பெருகியிருக்கிறது.

அடுத்து என்விடியா. 100 கோடி டாலர் போட்டது உண்மைதான், பங்கு ஒன்றுக்கு 6.01 டாலர் விலையில். செய்தி வந்த அன்றே விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. நீங்கள் வாங்கப்போவது ஏறிய விலைக்கு. இன்னொன்று, 2025 ஜனவரியில் முடிந்த கணக்கு ஆண்டில் என்விடியாவின் லாபம் 7,200 கோடி டாலருக்கு மேல். மாதம் 72,000 சம்பாதிப்பவர் 1,000 ரூபாய் போட்டுப் பார்ப்பது மாதிரிதான். நீங்கள் போட நினைப்பது ஐந்தில் மூன்று பங்கு.

‘7 டாலர்தான்’ என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நோக்கியாவுக்கு 550 கோடிக்கு மேல் பங்குகள் இருக்கின்றன. ஏழால் பெருக்கினால் கம்பெனியின் விலை ஏறக்குறைய 4,000 கோடி டாலர். மலிவா இல்லையா என்பதை அந்தத் தொகையை லாபத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு உச்சத்தில் இந்தப் பங்கு சுமார் 65 யூரோ. 2012இல் ஒன்றரை யூரோவுக்கும் கீழே. உச்சத்தில் போட்ட ஒரு லட்சம், கம்பெனி பிரித்துத் தரும் லாபமான டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், 2,500 ரூபாய்கூடத் தேறாமல் நின்றது. உலகமே அந்த போனைக் கையில் வைத்திருந்த கம்பெனிக்குத்தான் இது நடந்தது.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. நோக்கியா நம் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. நியூயார்க்கில் வாங்க பணத்தை டாலராக அனுப்ப வேண்டும், பேங்க் கட்டணமும் மாற்று விலையில் நஷ்டமும் இருபக்கமும் பிடிக்கும். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். 24 மாதத்துக்குப் பிறகு விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. டிவிடெண்டில் நோக்கியாவின் நாடான பின்லாந்து முதலிலேயே வரி பிடித்துக்கொள்ளும்.

5 லட்சத்தில் முதல் ஒன்றரை லட்சம் எஃப்.டி.யில் இருக்கட்டும், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு. கணவர் சாலையில் ஓடுகிறவர். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்சூரன்ஸ் இல்லை என்றால் இந்த மாதமே எடுங்கள், பங்கைப் பற்றிப் பேசுவது அப்புறம். மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கும் வயது தாண்டிவிட்டது. மூன்று ஆண்டில் கல்லூரிப் பணம் தேவை, ஆகவே இரண்டரை லட்சத்தை அஞ்சலகத்திலோ பேங்கிலோ மூன்று வருட டெபாசிட்டில் போடுங்கள். மீதியில் இன்சூரன்ஸ் பிரீமியம் போக இருப்பதை நாட்டின் 50 பெரிய கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 3,000 என்று போட்டு வாருங்கள். மனசு கேட்கவே இல்லை என்றால் நோக்கியாவுக்கு 15,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. அதையும் நான் வற்புறுத்த மாட்டேன், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் செலவே லாபத்தைத் தின்னும்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஏழு வருட பி.எஃப். என்ன ஆனது? வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கணக்குகள் பலருக்கு இன்றைய எண்ணோடு சேராமலே கிடக்கின்றன. ஆலை மூடியபோதே பென்ஷன் பங்கோடு சேர்த்து எடுத்திருந்தால் அது முடிந்த கதை. எடுக்கவில்லை என்றால், பணம் உங்களுடையது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பழைய ஏழு வருடத்தை இப்போதைய வேலையோடு இணைத்தால் அந்தத் தகுதி இன்றே வந்துவிடும், 58 வயதில் மாத பென்ஷனிலும் சில நூறு ரூபாய் கூடும். பீரோவில் அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டு ஒன்று இருந்தாலும் போதும், பி.எஃப். எண் அதில் அச்சாகியிருக்கும். எடுத்துக்கொண்டு உங்கள் ஹெச்.ஆரிடம் போய், பழைய கணக்கை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.